வண்டி வராத நிலையம்

மன்னர்களின் வரலாறு கல்வெட்டிலே இருக்கிறது. மடங்களின் வரலாறு செப்பேட்டிலே இருக்கிறது. கோயில்களின் வரலாறு தலபுராணத்திலே இருக்கிறது. அங்கே வரலாறு குறைவு, புராணம் நிறைவு! ஆனால் மக்களின் வரலாறு எங்கே இருக்கிறது? உழைத்தவன் வரலாறு, ஊரை விட்டுப் போனவன் வரலாறு, போன இடத்திலும் நிலைக்க முடியாமல் திரும்பி வந்தவன் வரலாறு எங்கே இருக்கிறது? அதனை எந்த அரசவைப் புலவனும் பாடவில்லை. எந்தச் சிற்பியும் செதுக்கவில்லை. அது சந்தையிலே இருக்கிறது, சாவடியிலே இருக்கிறது, துறைமுகத்துப் படிக்கட்டிலே இருக்கிறது, இருப்புப்பாதை முடிகிற இடத்திலே இருக்கிறது.

அப்படி ஓர் இடத்தின் வரலாற்றைத்தான் நாம் இங்கே எடுத்துக்கொள்கிறோம். இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனையில், இருபுறமும் கடல் சூழ்ந்த மணல் நாக்கின்மீது, கூரையற்ற சில சுவர்கள் நிற்கின்றன. தனுஷ்கோடி புகைவண்டி நிலையத்தின் எச்சம் அது. 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துக்குப் பிறகு அங்கே வண்டி வந்ததில்லை. மணி அடித்ததில்லை. கொடி அசைந்ததில்லை. வருவோர் பார்க்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், "ஐயோ பாவம்" என்கிறார்கள், போய்விடுகிறார்கள். பாவமல்ல நமக்கு வேண்டியது, படிப்பினை வேண்டும். அந்தச் சுவர்களைப் படிக்கத் தெரிந்தவனுக்கு, அவை தமிழ்நாட்டுப் பாட்டாளியின் ஐம்பதாண்டு வரலாற்றைச் சொல்லும்.

வில்லின் முனையும் விலாவின் எலும்பும்

தனுஷ்கோடி என்றால் வில்லின் முனை என்று பொருள் சொல்வார்கள். இராமன் தன் வில்லின் நுனியால் பாலத்தை உடைத்த இடம் என்று கதை சொல்வார்கள். நீராடினால் வினை தீரும் என்று விதி சொல்வார்கள். நல்லது; கதைக்கு வரிகட்ட வேண்டியதில்லை, யாரும் சொல்லலாம். ஆனால் தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே கிடக்கும் மணல்திட்டுகளைப் புவியியல் அறிந்தோர் பார்க்கும்போது, குரங்குகள் அடுக்கிய கல்லைக் காணவில்லை. கடலின் நீரோட்டமும் அலையும் காற்றும் சேர்த்துக் குவித்த மணலையும் சுண்ணாம்புப் பாறையையுமே காண்கிறார்கள். இன்று இருக்கும் திட்டு நாளை இடம் மாறும். இன்று கரை, நாளை கடல்!

அப்பகுதி மீனவர், ஏடு எதனையும் புரட்டாமல், இரு கடல்களுக்கும் இரு பெயர் வைத்திருக்கிறார்கள். வடக்கே அமைதியாகக் கிடக்கும் பாக் நீரிணைப் பகுதி, "பெண் கடல்". தெற்கே சீறி எழும் மன்னார் வளைகுடா, "ஆண் கடல்". இந்த இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் விலாவிலேதான், வெள்ளையர் ஆட்சி ஓர் இருப்புப்பாதையைக் கொண்டுபோய் நிறுத்தியது. ஏன்? வில்லின் முனையைப் பார்க்கவா? வினை தீர நீராடவா? இல்லை. அங்கிருந்து தலைமன்னார் 22 மைல். இந்தியாவிலிருந்து இலங்கைக்குக் குறுகிய கடல்வழி அதுதான். புராணம் அந்த இடத்துக்குப் பெயர் தந்தது. பொருளாதாரமோ அங்கே தண்டவாளம் போட்டது.

தூத்துக்குடியிலிருந்து தனுஷ்கோடிக்கு

1914க்கு முன்பு, இலங்கைக்குப் போவோர் சென்னையிலிருந்து தூத்துக்குடிவரை புகைவண்டியில் சென்று, அங்கே கப்பலேறிக் கொழும்பை அடைந்தார்கள். அந்தத் தூத்துக்குடி–கொழும்பு கடல்வழியிலேதான் 1906இல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பலை ஓட்டினார். வெள்ளைக் கப்பல் கம்பெனியை எதிர்த்து ஒரு தமிழன் கப்பல் விட்டான் என்ற செய்தியை, ஆதிக்கக்காரர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை. 1908இல் அவர் சிறைப்பட்டார், செக்கிழுத்தார், கம்பெனியும் சரிந்தது. கடல்வழி மீண்டும் அவர்கள் கையிலே.

அதன்பின் வந்தது பாம்பன் பாலம். மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையே, கடலின் குறுக்கே, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த நீளம். நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட தூண்கள். நடுவே கப்பல் போவதற்கு இரு கைகளையும் உயர்த்தி வழிவிடும் செர்சர் தூக்கு அமைப்பு. அதனை நெம்புகோல் கொண்டு மனிதர்கள் தம் கையால் சுற்றித் திறந்தார்கள். 1914 பிப்ரவரி 24இல் பாலம் திறக்கப்பட்டது. தூக்கு அமைப்பை வகுத்த பொறியாளனின் பெயர் அதற்கு நிலைத்தது. தூணுக்குள் இறங்கித் தோண்டியவன் பெயர்? அதனை எங்கும் காணோம்! இது பாம்பனுக்கு மட்டும் உரிய வழக்கமல்ல என்பது தோழர்களுக்குத் தெரியும்.

பாலம் கடந்து பாம்பன் சந்திப்பை அடைந்ததும், பாதை இரண்டாகப் பிரிந்தது. ஆறு மைலுக்குச் சற்றே கூடுதலான ஒரு கிளை, இராமேசுவரத்துக்கு. 15 மைல் நீளமான மற்றொன்று, தனுஷ்கோடிக்கு. சென்னை எழும்பூரிலிருந்து வந்த புகழ்பெற்ற வண்டி, இராமேசுவரத்தைப் பக்கத்திலே விட்டுவிட்டுத் தனுஷ்கோடிக்குத்தான் ஓடியது. "போட் மெயில்" என்று மக்கள் அழைத்த வண்டி அது. கடவுளைக் காண்பதற்குக் கிளைப்பாதை. காசு பண்ணுவதற்கு நேர்ப்பாதை! பக்தியை வெள்ளையன் எந்த இடத்தில் வைத்தான் என்பதற்கு அந்தத் தண்டவாளமே சான்று.

அதே 1914இல் இலங்கையின் இருப்புப்பாதையும் தலைமன்னார்த் துறைக்கு வந்து சேர்ந்தது. இந்தக் கரையில் வண்டியைவிட்டு இறங்கிக் கப்பலேறி, அந்தக் கரையில் இறங்கி மீண்டும் வண்டியேறலாம். ஒரே பயணச்சீட்டில் சென்னையிலிருந்து கொழும்புவரை! பிற்காலத்தில் அந்தக் கடலைக் கடந்த கப்பல்களுக்கு இர்வின், கோஷன் என்று பெயர். ஒருவர் வைசிராய், மற்றவர் சென்னைக் கவர்னர். கப்பலுக்குப் பெயர் ஆண்டவருடையது. கப்பலுக்குள்ளே பாரம் ஆளப்பட்டவருடையது.

தனுஷ்கோடி ஊராயிற்று. நிலையம், துறைமுக அலுவலகம், சுங்கச்சாவடி, அஞ்சலகம், தந்தி, இருப்புப்பாதை மருத்துவமனை, பள்ளிக்கூடம், மாதாகோயில், இந்துக் கோயில், பணியாளர் குடியிருப்பு, மீனவர் குடில்கள் எல்லாம் அந்த மணலிலே முளைத்தன. வண்டி வரும் நேரத்தில் ஊர் விழித்தது. கப்பல் போன பிறகு ஊர் ஓய்ந்தது. மீனும் கருவாடும் ஏறின; துணியும் அஞ்சல் பையும் இறங்கின. இந்தப் பாதையோடு அப்துல் கலாம் அவர்களின் இளமைக்கும் தொடர்புண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வண்டி இராமேசுவரத்தில் நிற்காமல் போனபோது, இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலே ஓடும் வண்டியிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைச் சிறுவனாக இருந்த தாம் பொறுக்கி எடுத்ததாக, அவர் தம் வாழ்க்கை வரலாற்றிலே குறித்திருக்கிறார். ஓடும் வண்டியிலிருந்து விழுந்த தாளைப் பொறுக்கிய அந்தக் கை, பின்னர் ஏவுகணைக்குத் திட்டம் தீட்டிற்று. நிலையம் ஒன்று ஊருக்குள் உலகத்தைக் கொண்டுவரும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

மூன்றாம் வகுப்பின் முகவரி

முதல் வகுப்பிலே வந்தவர் யார்? தோட்டத் துரை, அதிகாரி, வணிகர். அவர்களைப் பற்றி நாம் அதிகம் பேச வேண்டியதில்லை. அவர்களே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்றாம் வகுப்பிலே வந்தவனைப் பற்றித்தான் நாம் பேசவேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை மலைகளில் காடழித்துக் காப்பி பயிரிட்டார்கள். 1869 முதல் இலைநோய் பரவிக் காப்பி கருகவே, தேயிலைக்கு மாறினார்கள். பயிர் மாறியது, பாடுபட்டவன் மாறவில்லை. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சை, திருநெல்வேலி, புதுக்கோட்டைச் சீமை எங்கும் பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக்கொடுமையாலும் நசுங்கிக் கிடந்த மக்களைக் கங்காணிகள் திரட்டிக்கொண்டு போனார்கள். சொந்த ஊரில் குளத்தில் நீர் மொள்ள உரிமையற்றவன், தெருவில் செருப்பணிய உரிமையற்றவன், நிலத்தில் உழுதும் நெல்லுக்கு உரிமையற்றவன், "அக்கரையிலே அரைவயிறாவது நிறையும்" என்று நம்பிப் போனான். அவனை அக்கரைக்குத் துரத்தியது கடலின் அழைப்பு அல்ல. அக்கிரகாரமும் ஆண்டையும் பஞ்சமும் சேர்ந்து கொடுத்த அடி!

முன்னாளில் படகிலே மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மலைநாடு நோக்கி நடந்தார்கள். காலராவும் காய்ச்சலும் பசியும் அந்த வழியெங்கும் பிணங்களைப் பரப்பின. தனுஷ்கோடி நிலையம் வந்த பிறகு அந்தச் சாவுநடை தேவையில்லாமற் போயிற்று. இதனை நாம் மறைக்கவில்லை. நீராவியும் இரும்பும் மனிதனுக்கு நன்மை செய்தன. விஞ்ஞானம் வஞ்சனை செய்யாது. ஆனால் விஞ்ஞானத்தின் கடிவாளம் யார் கையிலே இருந்தது என்பதுதான் கேள்வி.

மண்டபத்தில் இலங்கை அரசின் முகாம் ஒன்று இருந்தது. தோட்டத்துக்குப் போகும் கூலியாட்களை அங்கே சில நாட்கள் தடுத்து வைத்தார்கள்; அம்மை குத்தினார்கள்; நோயிருக்கிறதா என்று ஆராய்ந்தார்கள். தொற்றுநோயைத் தடுப்பது தவறல்ல. ஆனால் முதல் வகுப்புப் பயணியை நோய் தொற்றாதோ? காலரா வகுப்புப் பார்த்தா ஏறும்? முகாம் வாழ்வு கூலிக்கு மட்டும் என்றபோது, அது மருத்துவத்தோடு நில்லாமல் மதிப்பீடாகவும் ஆகிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் "தகரச் சீட்டு" என்றொரு முறை வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு, ஆளுக்கொன்று. எந்தத் தோட்டத்துக்கு எத்தனை தலை, அதற்கு எவ்வளவு செலவு என்று கணக்குப் பார்க்க வசதி. "துண்டு" என்ற முறையும் இருந்தது. இவன் இவ்வளவு கடன்பட்டிருக்கிறான்; கடனைத் தீர்ப்பவர் இவனை எடுத்துக்கொள்ளலாம் என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் சீட்டு அது. 1921இல்தான் அந்த முறையைச் சட்டம் ஒழித்தது. கடன் சீட்டோடு மனிதனும் கைமாறினான். அதற்குப் பெயர் வேலைவாய்ப்பு!

இங்கே ஒரு செய்தியை இளைஞர்கள் நினைவில் நிறுத்த வேண்டுகிறோம். தனுஷ்கோடி வழியே போன உழைப்பாளி எண்ணப்பட்டான். மிகக் கவனமாக எண்ணப்பட்டான். ஆனால் மதிக்கப்படவில்லை. தலைக்கணக்கிலே இருந்தான், மனிதக் கணக்கிலே இல்லை. இந்த நிலையத்தின் வரலாறு முழுவதும் இந்தக் கொடிய கணக்கு திரும்பத் திரும்ப வரும்.

காலவரிசை சொல்லும் கதை

1939இல் இலங்கை அரசு, அரசுப் பணிகளில் இருந்த இந்திய நாட்கூலிகளை நீக்கத் தலைப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், தேர்ச்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குப் புதிதாகச் செல்வதை இந்திய அரசு தடைசெய்தது. வண்டி ஓடிற்று, கப்பலும் ஓடிற்று. ஆனால் அக்கரையில் இருந்தவனுக்கும் இக்கரையில் இருந்த உறவுக்கும் இடையே முதற்கதவு சாத்தப்பட்டது.

1948இல் இலங்கை விடுதலை பெற்றது. விடுதலையின் முதற்பரிசாக மலையகத் தமிழனுக்குக் கிடைத்தது என்ன? குடியுரிமைச் சட்டம்! தன் தந்தை இலங்கையிலே பிறந்தான் என்பதைச் சான்றோடு காட்டு என்றது சட்டம். பிறப்புப் பதிவை லயத்து அறையிலே யார் வைத்திருந்தார்கள்? சுமார் 7 இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. தேயிலைச் செடிக்கு இலங்கையில் வேர் உண்டு. அதனை நட்டவனுக்கு இல்லை! முன்பு சீட்டு எடுத்தால் போதும் என்றிருந்த தனுஷ்கோடிப் பயணத்துக்குக் கடவுச்சீட்டும் நுழைவு அனுமதியும் வேண்டியதாயின. 22 மைல் கடல், இரண்டு அரசுகளின் சட்டப்புத்தகங்களால் இருபதாயிரம் மைலாக விரிந்தது.

1964 அக்டோபர் 30. இந்தியப் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிரிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர் 9 இலட்சத்து 75 ஆயிரம். அதில் 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு. 3 இலட்சம் இலங்கைக்கு. மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூட்டை பிரிப்பது போல் மக்களைப் பிரித்தார்கள்! அந்த மீதியையும் 1974இல் ஆளுக்குப் பாதி என்று பகிர்ந்துகொண்டார்கள். எந்த மூட்டைக்குள் தான் இருக்க விரும்புகிறான் என்று அந்த மனிதனை ஒப்பந்தத்துக்கு முன்னே யாரும் கேட்கவில்லை. தகரச் சீட்டு போட்ட கணக்கின் தொடர்ச்சிதான் இது. துரை எழுதிய கணக்கை இப்போது இரு பிரதமர்கள் எழுதினார்கள்.

அந்தக் கணக்கின்படி வரவேண்டியவர்கள் தனுஷ்கோடியில் வந்து இறங்கவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் நிறைவதற்குள், அவர்கள் இறங்கவேண்டிய நிலையமே இல்லாமற் போயிற்று.

டிசம்பர் 22 இரவு

1964 டிசம்பர் 17இல் அந்தமான் கடலின் தென்பகுதியில் ஒரு தாழ்வு மண்டலம் தோன்றியது. 19இல் கடும்புயலாக வலுத்தது. 21க்குப் பின் ஏறத்தாழ நேர்கோட்டில் மேற்கு நோக்கி விரைந்தது. 22இல் இலங்கையின் வவுனியாவைத் தாண்டியபோது காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் என்று மதிப்பிடப்படுகிறது. அன்றிரவு அது தனுஷ்கோடியைத் தாக்கியது.

நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் பயணிகள் வண்டி புறப்பட்டது. அதன் எண் 653. தனுஷ்கோடிக்குச் சிறிது தொலைவு இருக்கும்போதே கைகாட்டி வேலை செய்யவில்லை என்றும், காத்திருந்து பார்த்த ஓட்டுநர் நீண்ட ஊதல் ஊதிவிட்டு வண்டியை மெல்லச் செலுத்தினார் என்றும் கூறப்படுகிறது. ஊதலுக்கு விடை வரவில்லை, அலை வந்தது. ஏறத்தாழ 7 மீட்டர் உயரம் எழுந்த நீர்மலை, வண்டியை எஞ்சினோடு புரட்டிப் போட்டது. நிலையம், துறை, சாவடி, குடியிருப்பு, கோயில், மாதாகோயில், பள்ளி எல்லாவற்றின் மேலும் கடல் ஏறி நடந்தது. தந்திக் கம்பி அறுந்தது; பாலம் சிதைந்தது. நடந்ததை உலகம் அறிவதற்கே இரண்டு நாட்கள் பிடித்தன.

எத்தனை பேர் மாண்டனர்? புயலில் இறந்தவர் மொத்தம் சுமார் 1,800 என்பது மதிப்பீடு. வண்டியிலே 110 பயணிகளும் 5 பணியாளரும் என்பது ஏட்டுக் கணக்கு. ஆனால் அந்த 15 மைல் பாதையில், சீட்டெடுக்காமல் தொற்றிக்கொண்டு போன கூலிகளும் மீன்காரிகளும் பிள்ளைகளும் எத்தனை பேர்? அவர்கள் கணக்கிலே வரவில்லை. ஆம்! உழைக்கப் போனபோது தலைதலையாக எண்ணினார்கள். செத்தபோது சீட்டுள்ளவனை மட்டும் எண்ணினார்கள். சீட்டில்லாதவன் வாழ்ந்ததற்கும் சான்றில்லை, மாண்டதற்கும் சான்றில்லை!

ஆண்டவன் சினமா, அலையின் இயல்பா?

துயரம் நேர்ந்த மறுநாளே புராணிகர்கள் கடை விரித்துவிடுவார்கள். தனுஷ்கோடிக்கும் விரித்தார்கள். "கலி முற்றியது, கடல் பொங்கியது" என்றார்கள். "கடல் நீர் இராமேசுவரம் கோயில்வரை வந்து நின்றுவிட்டது பாருங்கள், இறைவன் காத்தான்" என்றார்கள்.

நாம் கேட்கிறோம்: இராமேசுவரத்துக் கோயிலைக் காத்த கை, தனுஷ்கோடிக் கோயிலைக் காக்க ஏன் நீளவில்லை? மாதாகோயிலின் கூரையை ஏன் தாங்கவில்லை? வண்டியிலிருந்த குழந்தை செய்த பாவம் என்ன? காத்ததெல்லாம் கடவுளின் கணக்கிலும் கொன்றதெல்லாம் கலியின் கணக்கிலும் எழுதுவது, எந்த ஊர் கணக்குப்பிள்ளை வேலை?

அறிவு சொல்லும் விடை எளியது. புயலின் நடுவே காற்றழுத்தம் குறைகிறது. அங்கே கடல் மட்டம் சற்று உயர்கிறது. அதைவிடப் பன்மடங்கு பெரிய காரணம், காற்று நீரைக் கரைநோக்கித் தள்ளுவது. ஆழ்கடலில் தள்ளப்பட்ட நீர் அடியிலே திரும்பிப் போக இடமுண்டு. ஆழமற்ற கடலில் இடமில்லை. எனவே நீர் குவிந்து மேலேறுகிறது. தனுஷ்கோடியைச் சுற்றியிருப்பது ஆழமற்ற கடல். தனுஷ்கோடி நின்றதோ கடல் மட்டத்துக்குச் சற்றே உயர்ந்த ஒடுங்கிய மணல். இராமேசுவரம் தீவின் அகன்ற பகுதியில், உட்தள்ளி இருக்கிறது. ஒன்று மூழ்கியதற்கும் மற்றொன்று தப்பியதற்கும் காரணம் நிலத்தின் அமைப்பு. 1948, 1949ஆம் ஆண்டுகளிலேயே தனுஷ்கோடியின் தென்பகுதி, மன்னார் வளைகுடாப் பக்கம், நில அசைவால் தாழ்ந்தது என்றும் புவியியல் ஆய்வாளர் கூறுவர். கடல் எச்சரித்துக்கொண்டுதான் இருந்தது. கேட்பதற்குக் கருவிதான் இல்லை.

கருவி என்பதைச் சும்மா சொல்லவில்லை. புயலைத் தொலைவிலேயே கண்டறியும் ராடார், இந்தியக் கடற்கரையில் முதன்முதலாக விசாகப்பட்டினத்தில் நிறுவப்பட்டது 1970இல்தான். இன்று வானத்துச் செயற்கைக்கோள் புயலின் கண்ணைப் படம்பிடித்துக் காட்டுகிறது. நாட்கள் முன்னதாகவே கரையோர மக்களை வெளியேற்ற முடிகிறது. 1964இல் அந்த வண்டியைப் பாம்பனிலே நிறுத்தி வைக்க, வேள்வியும் வேண்டாம், வேண்டுதலும் வேண்டாம். உரிய நேரத்தில் ஒரு செய்தி போதும்! மந்திரம் ஓர் உயிரைக் காத்ததில்லை. தந்திக்கம்பி அறுந்ததால் உயிர்கள் போயின. இரண்டில் எதனை வலுப்படுத்த வேண்டுமென்று பகுத்தறிவுள்ளோர் முடிவுசெய்யட்டும்.

பாலம் எழுந்தது, ஊர் எழவில்லை

புயலுக்குப் பின் பாம்பன் பாலத்தைச் செப்பனிடும் பொறுப்பு இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்ட இரும்பு உத்திரங்கள் கிடக்குமிடத்தைக் கண்டறிய மீனவரின் அறிவு உதவியது. தேடி எடுத்து, தூக்கி நிறுத்தி, 46 நாட்களில் பாலத்தை மீண்டும் வண்டி ஓடும் பாலமாக்கினார்கள். மனித முயற்சியின் மாண்பு அது. அதனை மனமாரப் போற்றுகிறோம்.

ஆனால் தனுஷ்கோடி? வாழத் தகுதியற்ற இடம் என்று அன்றைய சென்னை அரசு அறிவித்தது. பாம்பனிலிருந்து பிரிந்த 15 மைல் பாதை கைவிடப்பட்டது. கிளையாக இருந்த இராமேசுவரம் முடிவுநிலையமாயிற்று. அந்த மணலில் மீண்டும் நகரம் எழுப்புவது அறிவுடைமை அல்ல என்பதை நாம் ஏற்கிறோம். இடம் ஆகாது என்றது விஞ்ஞானம், சரி. இடத்தை விட்டால் பிழைப்பு எங்கே என்று கேட்டான் மீனவன். அதற்கு விடை சொல்லவேண்டியது விஞ்ஞானமல்ல, ஆட்சி! விடை கிடைக்காதவன் மீண்டும் அதே மணலுக்குப் போனான். பாலம், கம்பிப்பாடு என்ற குடியிருப்புகளில் பனையோலைக் குடிசை போட்டான். சாலையின்றி, நெடுங்காலம் மின்விளக்கின்றி, தலைமுறைகள் வாழ்ந்தன. அரிச்சல்முனைவரை தார்ச்சாலை 2017இல் திறக்கப்பட்டது. பாலத்துக்கு 46 நாள். சாலைக்கு 53 ஆண்டு! அந்தச் சாலையிலும் முதலில் விரைந்தவை பயணக்காரர் ஊர்திகள்.

கப்பல் போக்குவரத்து இராமேசுவரத்துக்கு மாறியது. சாஸ்திரி–சிரிமாவோ கணக்கின்படி "இந்தியர்" ஆக்கப்பட்ட மலையக மக்கள், தலைமன்னாரில் ஏறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். பாட்டன் கூலியாகப் போகும்போது தங்கிய மண்டபம் முகாமிலே, பேரன் தாயகம் திரும்பியோனாக வந்து தங்கினான். போகும்போது "வந்தேறி" ஆகப் போனான். வரும்போது "சிலோன்காரன்" ஆகி வந்தான். அக்கரையும் அவனை இக்கரையான் என்றது. இக்கரையும் அவனை அக்கரையான் என்றது. நீலகிரியில் 1968 முதல் அரசு தேயிலைத் தோட்டம் அமைத்து ஒரு பகுதியினருக்கு வேலை கொடுத்தார்கள். எஞ்சியோர் பலர் மலைகளில் மரம் வெட்டியும் கடன்பட்டும் அல்லலுற்றார்கள்.

1980களின் முற்பகுதியில் இலங்கையில் இனக்கொடுமை தீயாக மூண்டபோது, அந்தக் கப்பலும் நின்றது. கப்பல் நின்ற கடலிலே படகுகள் வந்தன. உயிர் பிழைக்க ஓடிவந்த ஈழத்தமிழர் தனுஷ்கோடியின் மணல்திட்டுகளில் இறக்கிவிடப்பட்டார்கள். 2022இல் இலங்கையின் பொருளாதாரம் நொறுங்கியபோதும், பால்மாவுக்கும் அரிசிக்கும் வழியற்ற குடும்பங்கள் அதே திட்டுகளிலே வந்து நின்றன. நிலையம் மறைந்தது, வழி மறையவில்லை. சீட்டும் இல்லை, கைகாட்டியும் இல்லை, துன்பம் மட்டும் நேரம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

பேயும் இல்லை, பிணியும் இல்லை

இன்று தனுஷ்கோடிக்குப் "பேய் நகரம்" என்று பட்டம் சூட்டியிருக்கிறார்கள். இரவிலே ஊதல் கேட்குமாம், உருவம் நடக்குமாம். அங்கே பேய் இல்லை, காற்று இருக்கிறது. ஆவி இல்லை, அங்கு வாழும் மீனவர் இருக்கிறார்கள். உயிருள்ளவனைக் காணாத கண்ணுக்குத்தான் பேய் தெரியும்!

2015 மார்ச்சில் அக்கரையிலே தலைமன்னார்த் துறை நிலையத்துக்கு மீண்டும் வண்டி வந்தது. போரிலே அழிந்த பாதையைப் புதுப்பித்தார்கள். இக்கரையிலோ, தனுஷ்கோடிக்குப் புதுப்பாதை போட 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள், தண்டவாளம் வரவில்லை. 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய தூக்குப் பாலம் திறக்கப்பட்டது. வண்டி இராமேசுவரத்தோடு நிற்கிறது. கடல் அரித்துக்கொண்டிருக்கும் மணலில் மீண்டும் இருப்புப்பாதை தேவையா என்பதைப் பொறியியலும் சூழலியலும் தீர்மானிக்கட்டும். பக்தியோ பகட்டோ தீர்மானிக்க வேண்டாம்.

நாம் வேண்டுவது வேறு. இடிந்த அந்த நிலையத்தின் சுவர்கள் இன்னும் சில புயல்களைத் தாங்குமோ என்னவோ. அவை விழுவதற்குள், அங்கே ஒரு கல் நாட்டப்பட வேண்டும். அதிலே வில்லின் கதை வேண்டாம். 1914 முதல் 1964 வரை அந்த மேடையிலே நின்று, கண்ணீரோடு கரையைத் திரும்பிப் பார்த்துக் கப்பலேறிய தமிழ் உழைப்பாளிக்கு அந்தக் கல் உரியதாகட்டும். சீட்டோடு மாண்டவர்க்கும் சீட்டின்றி மாண்டவர்க்கும் அது ஒன்றுபோல் உரியதாகட்டும். மண்டபம் முகாமின் பழைய ஏடுகள், கப்பல் பதிவுகள், மலையகக் குடும்பங்களின் நினைவுகள் ஆகியவற்றைத் தொகுக்க இளைஞர்கள் முன்வர வேண்டும். திரும்பி வந்த குடும்பங்களின் முதியோர் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வாய் மூடுமுன் நம் ஏடு திறக்கட்டும்.

தலபுராணம் எழுத ஆயிரம் பேர் இருந்தார்கள், இருக்கிறார்கள். தண்டவாளத்தின் வரலாற்றை, அதன்மீது போனவனின் வரலாற்றை எழுத நாம்தான் இருக்கிறோம். எண்ணப்பட்டும் மதிக்கப்படாத மக்களை மதித்து எண்ணத் தொடங்குவோம். வண்டி வராத அந்த நிலையத்தில், நெடுநாளாகக் காத்துக் கிடப்பது அந்தக் கணக்கு ஒன்றுதான்!